நான்கு வருட ரிக்கிங்கும் ஒரு முன்கையும்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "நீ நாலு வருஷமா ரிக்கிங் பண்றியே, நானும் கத்துக்கட்டுமா?" 3D கதாபாத்திரத்துக்குள் எலும்புக்கூடு பொருத்தி, அதை அசைக்கும்படி செய்து தருவதுதான் ரிக்கிங். அவன் கேட்ட நேரத்தில் ஒரு கிழவி கதாபாத்திரத்தின் கையை மூன்றாவது தடவையாகப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது பிளெண்டர் என்ற 3D மென்பொருள். அடிப்படைகளில் எனக்குப் பெரிய குறை கிடையாது. கூடவே வரும் ரிகிஃபை என்ற துணைக்கருவியில் மனித எலும்புக்கூட்டை மாடலுக்குள் பொருத்தி ஒரு பட்டனை அழுத்தினால் கை, கால், விரல் எல்லாவற்றுக்கும் கன்ட்ரோல் வந்து நிற்கிறது. முட்டியைக் கோடு போட்டதுபோல நேராக வைத்தால், எந்தப் பக்கம் மடக்குவதென்று தெரியாமல் ஐகே (பாதத்தை நகர்த்தினால் முட்டியைத் தானே மடக்கிக்கொள்ளும் கணக்கு) தடுமாறும். எலும்பை ஒரு நூல் முன்னால் தள்ளி வைத்தால் தீர்ந்தது. இதெல்லாம் ஓரிரு மாதத்தில் கை பழகிவிடும்.

நான்கு வருடமாக என்னைப் படுத்தி எடுப்பது முன்கை.

மேலே பார்த்திருக்கும் உள்ளங்கையைக் கவிழ்த்தால், மாடலின் மணிக்கட்டு மிட்டாய்த் தாளின் முறுக்கிய முனை மாதிரி ஒடுங்கிப்போகும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே மிட்டாய்த் தாள்தான். காரணம் கணக்கில் இருக்கிறது. தோலில் உள்ள ஒரு புள்ளியை ஒவ்வொரு எலும்பும் எங்கே கொண்டுபோகும் என்று பார்த்து, வெயிட்டுக்கு, அதாவது அந்தப் புள்ளியில் எந்த எலும்புக்கு எவ்வளவு பங்கு என்ற எண்ணுக்குத் தக்கபடி சராசரி எடுப்பதுதான் வழக்கமான ஸ்கின்னிங். இரண்டு எலும்புகள் ஒரு புள்ளியைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருக்க, ஒன்று மட்டும் 90 பாகை திரும்புகிறது என்று வையுங்கள். அந்தப் புள்ளி வட்டத்தின் மேல் நகராமல் குறுக்கே போய் நிற்கும். கையின் பருமன் அங்கே சுமார் 71 சதவீதமாகிவிடும். 180 பாகை திரும்பினால் எதிரெதிர் இடங்களின் சராசரி நேராக நடு அச்சில் விழும். அந்த இடத்தில் கைக்குப் பருமனே இருக்காது.

அந்த வெயிட்டைத் தூரிகையால் தீட்டிச் சரிசெய்யும் வெயிட் பெயின்டிங்கில் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் இது போகாது. ஆனால் நான் காசு கட்டிப் படித்த வகுப்பில் முழு ரிக்கையும் கையாலேயே கட்டச் சொல்லிவிட்டு, மணிக்கட்டைக் காட்டிக் கேட்டபோதெல்லாம் "இன்னும் கொஞ்சம் ஸ்மூத் பண்ணுங்க" என்றார்கள். ஒரு வருடம் தேய்த்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பிளெண்டரில் தோலை எலும்புகளோடு இணைக்கும் ஆர்மேச்சர் மாடிஃபையரில் 'பிரிசர்வ் வால்யூம்' என்று ஒரு டிக் இருக்கிறது. 2007இல் ஆய்வுக் கட்டுரையாக வந்த டூயல் குவாட்டர்னியன் ஸ்கின்னிங் அது; புள்ளிகளின் சராசரிக்குப் பதிலாக எலும்புகளின் திருப்பங்களையே கலக்கும். நல்ல முறை, மறுக்கவில்லை. மணிக்கட்டு ஒடுங்காது. ஆனால் முழங்கையை மடக்கினால் மூட்டு புடைத்துக்கொண்டு வரும். பல கேம் எஞ்சின்கள் பழைய சராசரி முறையிலேயே ஓடுவதால், வெளியே அனுப்பியதும் மிட்டாய்த் தாள் திரும்பி வந்துவிடும்.

எனக்கு வழி காட்டியது என் கைதான். ஒருநாள் இடது கையால் வலது முன்கையை முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைக் கவிழ்த்தேன். பிடியின் கீழே தோல் அசைந்ததே தெரியவில்லை. பிடியை இரண்டு விரற்கடை இறக்கி மறுபடி கவிழ்த்தேன். லேசாக நழுவியது. முன்கையின் நடுவில் பாதித் திருப்பம். மணிக்கட்டுக்கு வந்தபோது கையோடு சேர்ந்து முழுதும் உருண்டது. மணிக்கட்டு மூட்டு திருகுவதே இல்லை! முன்கையின் இரண்டு எலும்புகளில் ரேடியஸ் என்பது அல்னாவின் மேல் குறுக்காகப் புரள்கிறது, திருப்பம் முன்கை நெடுகப் பரவுகிறது. எத்தனை வருடம் இந்தக் கையை வைத்துக்கொண்டே இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்!

அன்று ராத்திரியே முன்கை எலும்பை மூன்று துண்டாக்கி, திருப்பத்தைப் படிப்படியாகப் பங்கிட்டுக் கொடுத்தேன். 90 பாகை, ஒவ்வொரு இணைப்பிலும் 30 பாகையாகப் பிரிந்தது. 30 பாகைக்கு ஒடுக்கம் மூன்றரை சதவீதத்தைத் தாண்டாது, கண்ணுக்குத் தெரியாது. ரிகிஃபை முன்கையை இரண்டு துண்டாகவே கட்டித் தருகிறது, எண்ணைக் கூட்டிக்கொள்ளவும் முடியும். ஏன் அப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது அதன் பிறகுதான் புரிந்தது.

சில மாதம் கழித்து அனிமேட்டர் ஒரு ஷாட் அனுப்பினார். கிழவி கையை நீட்டி, திருப்பி, உள்ளங்கையில் ஒரு சாவியை வாங்கிக்கொள்கிறாள். முன்கை சதையோடு உருண்டு வந்தது. பார்ப்பவர்கள் சாவியைப் பார்ப்பார்கள், அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அந்த முன்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த வேலையிலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பனிடம் நான் சொன்னது: "வேண்டாம்டா, மாடலிங் கத்துக்கோ."

காரணம் இதுதான்: ரிக் முடிந்து, ஷாட்டுகளும் போய்க்கொண்டிருக்கும்போது, கிழவியின் உருவத்தை மாடல் செய்தவர் மெஷ்ஷை, அதாவது அந்த உருவத்தின் புள்ளி வலையை, மாற்றி அனுப்பினார். முழங்கையில் புதிதாக இரண்டு சுற்றுக் கோடுகள், விரல்களில் வேறு அமைப்பு. புதுப் புள்ளிகளுக்கு வெயிட் கிடையாது. வெயிட்டை நகலெடுக்கும் டேட்டா டிரான்ஸ்ஃபர் போட்டுப் பழைய மெஷ்ஷிலிருந்து இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் அது பக்கத்தில் எந்தப் பரப்பு இருக்கிறதோ அங்கிருந்து எடுக்கும், விரல்களோ ஒன்றையொன்று ஒட்டினாற்போல இருக்கும். ஒரு விரலின் வெயிட் அடுத்த விரலில் ஒட்டிக்கொள்ளும். இப்படி மாற்றம் வருவது இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் "சின்ன மாற்றம்தான்" என்ற குறிப்போடு.

அவனிடம் சொன்னதை இன்னும் மாற்றிச் சொல்லவில்லை. மெஷ் இறுதியான பிறகே ரிக் தொடங்கும் என்று அடுத்த வேலையில் எழுதி வாங்கினால், அன்று கூப்பிட்டுச் சொல்வேன். இப்போதைக்குக் கிழவியின் நடுவிரலை மடக்கினால் ஆள்காட்டி விரலின் உட்பக்கத் தோலும் கூடவே இழுபடுகிறது. அங்கே 0.08 வெயிட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் துடைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.