நகரும் கருவிக்கு மின்னேற்றம்: ரேடியோ அலையா, லேசரா, காந்தப்புலமா?

சார்ஜிங் பலகைமேல் வைத்த போன் ஒரு விரற்கடை விலகினாலே மின்னேற்றம் தளர்கிறது, இன்னும் சற்று விலகினால் அடியோடு நின்றுவிடுகிறது; இரு பக்கச் சுருள்களும் நேருக்கு நேர் நெருங்கி இருந்தால்தான் அந்தத் தூண்டல் முறை வேலை செய்யும். கையிலும் சட்டைப்பையிலும் அறை முழுதும் உலவும் கருவிக்கு வேறு வழி வேண்டும். அப்படிப்பட்ட வழிகளை எடைபோடும்போது, எத்தனை மீட்டர் எட்டுகிறது என்பதைவிட, கருவி இடம் மாறும்போதும் மின்சாரம் குறையாமல் வருகிறதா என்றே முதலில் கேட்க வேண்டும்.

ரேடியோ அலை வெகுதூரம் போகும். ஆனால் வந்து சேர்வது சொற்பம். 4 வாட் ஆற்றலை எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பினால், 5 மீட்டர் தள்ளியுள்ள 100 சதுர சென்டிமீட்டர் ஆன்டெனாவில், அதாவது ஓர் உள்ளங்கைப் பரப்பில், விழுவது ஒரு மில்லிவாட்டில் எட்டில் ஒரு பங்குதான். தூரம் இருமடங்கானால் அதுவும் கால்வாசியாகிவிடும். எப்போதாவது வெப்பநிலையை அளந்து அனுப்பும் சென்சாருக்கு இது போதும், போனுக்குப் போதாது.

லேசரில் அந்தச் சிதறல் இல்லை. 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் நான்கு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த போனுக்கு லேசரால் மின்னேற்றிக் காட்டினர். ஆள் நெருங்கினால் கற்றையை உடனே அணைக்கும் காவல் கற்றைகளும் அதில் இருந்தன. பாதுகாப்புக்கு அது கட்டாயம்தான். ஆனால் ஆட்கள் நடமாடும் இடத்தில் அது அடிக்கடி அணையும், போனைப் பைக்குள் போட்டாலோ மின்னேற்றமே இல்லை.

என் மனம் சாய்வது காந்த ஒத்ததிர்வின் பக்கம்: ஒரே அதிர்வெண்ணில் அதிரும் இரு சுருள்கள், இடைவெளி இருந்தாலும் காந்தப்புலத்தின் வழியே ஆற்றலைக் கடத்தும் முறை அது. 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2 மீட்டர் இடைவெளியில் 60 வாட் பல்பை எரியவைத்தபோது, ஏறத்தாழ 40 சதவீத ஆற்றல் வந்து சேர்ந்தது. சுருள் நகர்ந்தால் பொருத்தமான அதிர்வெண்ணும் மாறிவிடும் என்ற சிக்கல் அப்போதும் தீரவில்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், தூரத்துக்கேற்பத் தன் அதிர்வெண்ணைத் தானே தேடிக்கொள்ளும் பெருக்கிச் சுற்றை அமைத்தனர். ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை நகர்த்தியும் அவர்களுடைய விளக்கின் ஒளி மங்கவில்லை. எனக்கு உண்மையான திருப்புமுனையாகப் படுவது இதுதான்.

2021இல் டோக்கியோ, மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஓர் அறையையே சுருளாக்கினர். 3 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட அந்த இடத்தில் 50 வாட் வரை கிடைத்தது. அதற்கு உலோகச் சுவர்களும் அவற்றில் பதித்த மின்தேக்கிகளும் வேண்டும் என்பதால், ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் இது எளிதல்ல. இருந்தாலும் ரோபோக்கள் இடைவிடாமல் ஓடும் ஒரு கிடங்கைப் புதிதாகக் கட்டுவதானால், அந்தச் செலவுக்கு நான் தயங்கமாட்டேன்.