பணி ஓய்வுக்குப் பின் கல்லூரிக்கு ஓர் உதவித்தொகை: வைப்பு நிதியா, ஆண்டு நன்கொடையா, உயிலா?

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தான் படித்த கல்லூரியில் வசதியற்ற மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்த விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது பணி ஓய்வில் வந்த தொகையில் ஒரு பகுதியும், எண்ணி எண்ணிச் சேர்த்த சேமிப்பும்தான். கல்லூரியில் போய்ப் பேசினால் பெரும்பாலும் முதலில் வரும் யோசனை இது: மொத்தத்தையும் வைப்பு நிதியாகக் கொடுத்துவிடுங்கள், வட்டியிலிருந்து ஆண்டுதோறும் உங்கள் பெயரில் வழங்குகிறோம். கேட்கவே இனிக்கும். பெயர் நிலைக்கும், முதல் கரையாது. ஆனாலும் மற்ற இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பேன்.

முதலில் கணக்கு. கொடுக்கும் தொகை 100, ஆண்டு வட்டி 7 விழுக்காடு என்று கொள்வோம். முழு வட்டியையும் வழங்கினால் ஆண்டுக்கு 7. 72ஐ விலைவாசி ஏறும் விழுக்காட்டால் வகுத்தால், பணத்தின் மதிப்பு ஏறத்தாழ எத்தனை ஆண்டுகளில் பாதியாகும் என்று தெரியும்; இது ஒரு சுருக்குக் கணக்கு. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 72ஐ 6ஆல் வகுத்தால் வரும் 12 ஆண்டுகளில் அந்த 7இன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். 24 ஆண்டுகளில் கால் பங்கு. இன்று ஒரு மாணவியின் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் அடைக்கும் தொகை, அவளுடைய மகள் கல்லூரிக்கு வரும் காலத்தில் தேர்வுக் கட்டணத்துக்குக் கண்டால் பெரிது. இதைத் தவிர்க்க வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நிரந்தர நிதியிலிருந்து பொதுவாக ஆண்டுக்கு 4 முதல் 5 விழுக்காடுதான் எடுக்கின்றன. அவர்களுடைய பணம் பங்குச் சந்தை உட்படப் பல இடங்களில் முதலீடாக இருப்பதால் அது கட்டுப்படியாகிறது. வங்கி வைப்பில் கிடக்கும் சிறு நிதிக்கு இந்த வசதி கிடையாது. முதலின் மதிப்பைக் காக்க 7இல் 6ஐத் திருப்பிப் போட்டால் மாணவருக்கு மிஞ்சுவது 1.

அடுத்தது ஆண்டு நன்கொடை. அதே 100ஐ ஆசிரியையே தன் பெயரில் வங்கியில் போட்டு வைத்து, முதலும் வட்டியுமாகப் பத்து ஆண்டுகளில் கரைத்துக் கொடுத்தால் ஆண்டுக்கு 14க்குச் சற்று மேல் கிடைக்கும். வைப்பு நிதி தருவதில் இரு மடங்கு. பத்தாம் ஆண்டின் முடிவில் கையில் ஒன்றும் இருக்காது, உண்மைதான். ஆனால் மூன்றாண்டுப் படிப்பு என்றால் அதற்குள் மூன்று அணி மாணவர்கள் பட்டம் பெற்று வெளியே போயிருப்பார்கள். அவர்களில் யாரும் பாதிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு மீதிக்குக் கடன் தேடி அலைந்திருக்க மாட்டார்கள்.

கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பணம் யாரிடம் இருந்தாலும் பணம்தான். ஆசிரியையிடம் கூடுதலாக இருப்பது, மாணவரைப் பார்த்துப் பழகிய கண். உதவித்தொகைக் குழுவின் மேசைக்கு வருவது விண்ணப்பப் படிவம், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், 'எனக்கு ஏன் இந்த உதவி தேவை' என்று ஒரு பக்கக் கட்டுரை. நன்றாக எழுதத் தெரிந்தவர் முன்னால் போய்விடுவார். விண்ணப்பிக்கவே கூச்சப்பட்டவர் அந்த மேசைக்கு வருவதே இல்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவருக்கோ வருகைப் பதிவேடே போதும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வராத பையன் வார இறுதியில் எங்கோ இரவு வேலை பார்க்கிறான் என்று ஊகித்துவிடுவார். பாடப்புத்தகத்தின் பக்கங்களை நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டில் கையால் படியெடுக்கும் பெண்ணைக் கண்டால், இவளிடம் புத்தகம் இல்லை என்று தெரிந்துகொள்வார். கல்லூரிக் கட்டணத்தை எப்படியோ கட்டிவிட்டு, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளில் அலுவலக வாசலில் தயங்கி நிற்பவரும் அவர் கண்ணுக்குத் தப்ப மாட்டார்.

வைப்பு நிதி இந்தக் கண்ணைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஒப்பந்தத்தில் 'முதலாண்டு, இன்ன துறை, இத்தனை விழுக்காட்டுக்கு மேல்' என்று எழுதியது எழுதியதுதான். ஆண்டு நன்கொடையில், இந்த ஆண்டு நடுவில் தந்தையை இழந்த இரண்டாமாண்டு மாணவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று துறைத் தலைவரிடம் சொல்ல இடமுண்டு. யாருக்கு என்ற இறுதி முடிவு கல்லூரியுடையதாகவே இருக்கட்டும். கொடுப்பவரே ஆளைப் பொறுக்கினால் வாங்குபவர் ஆயுளுக்கும் கைகட்டி நிற்க நேரும். அடையாளம் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிரந்தரம் என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 1643இல் லேடி மௌல்சன் என்று அறியப்பட்ட ஆன் ராட்கிளிஃப் ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுண்டு கொடுத்தார். அங்கே மாணவர் உதவித்தொகைக்கென்று வந்த முதல் நிதி அது. பின்னாளில் அது பொதுக் கணக்கில் கலந்துவிட்டது. அவர் பெயரில் மீண்டும் உதவித்தொகை வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஹார்வர்டிலேயே இந்தக் கதி.

உயிலைப் பொறுத்தவரை, கைப்பணத்தை இப்போதே பிரிய அஞ்சுபவருக்கு அதைவிட நிம்மதியான வழி இல்லை. முதுமையில் மருத்துவச் செலவு எவ்வளவு வரும் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவின் லேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் படித்த கிரேஸ் குரோனர் 1935இல் தான் செயலாளராக வேலை பார்த்த நிறுவனத்தின் மூன்று பங்குகளை 180 டாலருக்கு வாங்கி, கடைசி வரை விற்கவில்லை. சிறிய வீட்டில் எளிமையாக வாழ்ந்து 2010இல் நூறு வயதில் இறந்தபோது அது ஏறத்தாழ 70 லட்சம் டாலராகப் பெருகியிருந்தது. அது கல்லூரி மாணவர்களுக்குப் போனது. கேட்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அந்தப் பணத்தால் படித்ததைப் பார்க்க அவர் இல்லை.

மிசிசிப்பியில் துணி துவைத்துப் பிழைத்த ஒசியோலா மெக்கார்ட்டி செய்ததும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், 1995இல் சுமார் 1,50,000 டாலரைத் தம் ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு என்று எழுதி வைத்தார். பணம் அவர் காலத்துக்குப் பிறகே போய்ச் சேர வேண்டியது. செய்தியைக் கேட்டு ஊரார் தங்கள் பங்கையும் போட்டதால், 1999இல் அவர் இறப்பதற்கு முன்பே அவர் பெயரில் மாணவர்கள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். உயிலை ரகசியமாகப் பெட்டியில் பூட்டி வைக்காமல் கல்லூரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

மதிப்பெண்ணுக்கா, தேவைக்கா என்ற பழைய வழக்கில் நான் நீண்ட நேரம் நிற்க மாட்டேன். முதல் மதிப்பெண் வாங்குபவருக்குப் பதக்கம் கொடுக்கலாம். கட்டணப் பணம் தேவைப்படுபவருக்கே போகட்டும். தேர்ச்சி பெற்றால் போதும் என்பதற்கு மேல் நிபந்தனை வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரிடம் உயர்ந்த மதிப்பெண்ணைக் கேட்பது, உதவி தேவைப்பட்ட அதே காரணத்துக்காக உதவியைப் பறிப்பதாகும்.

ஆக, அளவான சேமிப்பு உள்ள ஆசிரியைக்கு என் தேர்வு: பத்து ஆண்டுகளுக்கு ஆண்டு நன்கொடை, அதன் பிறகு மிஞ்சியிருப்பதற்கு உயில். வைப்பு நிதி, சில மாணவர்களின் முழுக் கட்டணத்தையும் வட்டியே தாங்கும் அளவுக்குப் பெருந்தொகை வைத்திருப்பவருக்கோ, பழைய மாணவர்கள் பலர் சேர்ந்து போடுவதற்கோ பொருந்தும்.

ஆண்டு நன்கொடையின் பலவீனம் கொடுப்பவரின் உடல்நிலைதான். அவர் படுத்துவிட்டால் இரண்டாமாண்டு மாணவி நடுவழியில் நிற்பாள். எனவே ஒருவரைத் தேர்வு செய்யும் முன்பே அவருடைய படிப்புக் காலம் முழுமைக்குமான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும். கல்லூரிக்கு எழுதும் கடிதத்தில் இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கலாம். ஒன்று, இந்தத் தொகையைக் காட்டி கல்லூரி தன் சொந்தக் கட்டணச் சலுகையைக் குறைக்கக் கூடாது. அமெரிக்காவில் இந்த வழக்கம் பெரிய குறையாகவே பேசப்பட்டு, மேரிலாண்ட் மாநிலம் 2017இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியது. மற்றது, குறிப்பிட்ட துறையைக் கல்லூரி பின்னாளில் மூடிவிட்டால் பணம் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பது.