கோழிக்கூண்டுக்கு அடியில் தோண்டி வருபவை: வலையைப் புதைப்பதா, விரிப்பதா?

கூண்டுக்கு மேலே வலை இருக்கிறது, நான்கு பக்கமும் வலை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் வலை கிழியவில்லை, தாழ்ப்பாள் திறக்கவில்லை. மூலையில் ஒரு குழி, நாலைந்து இறகுகள், அவ்வளவுதான். அன்று மாலையே எல்லோரும் செய்யும் வேலை, குழியில் ஒரு கல்லைப் போட்டு மூடுவது. நானும் அதைத்தான் செய்தேன். மறுநாள் இரவு அந்தக் கல்லை ஒட்டியே இன்னொரு குழி.

இதற்கு வழியாகச் சொல்லப்படுபவை ஐந்தாறு உண்டு. வலையைச் செங்குத்தாக மண்ணில் புதைப்பது, கூண்டுக்கு வெளியே தரையோடு விரிப்பது, கூண்டின் அடி முழுவதும் வலை போடுவது, சிமென்ட் தளம், கூண்டையே கால் வைத்துத் தூக்குவது, மின்வேலி. எது நல்லது என்று கேட்டால் முதலில் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் கூண்டில் தோண்டுவது யார் என்பதுதான்.

குழியைப் பார்த்தாலே தெரியும்

நாய் தோண்டிய குழி அகலமாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். மண்ணைப் பின்னால் வாரி இறைத்திருக்கும். வலையின் கீழ் விளிம்பு வளைந்திருக்கும். உள்ளே போன நாய் பெரும்பாலும் பசிக்குக் கடிப்பதில்லை, ஓடுவதையெல்லாம் துரத்திக் கடிக்கும். அதனால் கோழிகள் செத்துக் கிடக்கும், எண்ணிக்கை குறைந்திருக்காது. நரியின் குழி ஒடுக்கமானது, தன் உடம்பு நுழைகிற அளவுதான். கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கீரிக்கு ஏற்கெனவே ஒரு சந்து இருந்தால் போதும், அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளும்.

எலியும் பெருச்சாளியும் வேறு ரகம். குழி வட்டமான வளையாக இருக்கும். வாயருகே புது மண் குவிந்திருந்தால் அநேகமாகப் பெருச்சாளி. பெரிய கோழிகள் பிழைத்திருக்கும், முட்டையும் குஞ்சும் காணாமல் போகும், தீவனம் கணக்கில்லாமல் குறையும். பாம்பு தோண்டாது, எலி தோண்டிவைத்த வளையில் வரும்.

ஆக, தோண்டுபவை இரண்டு கூட்டம். நாய், நரி, கீரி மூன்றும் கூண்டை நோக்கி நடந்து வந்து, மூக்கு வலையில் முட்டுகிற இடத்தில் தோண்டுபவை. இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் போடலாம் என்று அவற்றுக்குத் தோன்றுவதில்லை. எலியும் பெருச்சாளியும் மண்ணுக்குள் குடியிருப்பவை. அவற்றின் வளை எங்கோ தொடங்கி எங்கோ முடியும். முதல் கூட்டத்தைத் தடுக்கிற வேலி பல நேரம் இரண்டாவது கூட்டத்துக்குத் தடையே இல்லை.

புதைப்பதும் விரிப்பதும்

வலையைப் புதைப்பது பழைய வழி. கூண்டைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, வலையைச் செங்குத்தாக இறக்கி மண்ணைத் தள்ளி மூடுவது. கேட்க எளிதாக இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் கூண்டு என்றால் சுற்றளவு 10 மீட்டர். 60 செ.மீ. ஆழம், கடப்பாரையும் மண்வெட்டியும் வீச 20 செ.மீ. அகலம். எடுக்க வேண்டிய மண் 1.2 கன மீட்டர், எடையில் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அத்தனையையும் எடுத்து, பிறகு திரும்பவும் போட்டு மிதித்து இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் அந்தப் பொலபொலப்பான மண்ணே தோண்டுபவனுக்கு வசதியாகிவிடும். பாறையோ மர வேரோ குறுக்கே வந்தால் அந்த இடத்தில் மட்டும் ஆழம் குறையும்.

விரிப்பதென்றால் வலையை எல் வடிவத்தில் மடித்து, ஓரடி உயரத்தைக் கூண்டின் சுவரோடு சேர்த்துக் கட்டி, மீதி இரண்டடியை வெளிப்பக்கம் தரையோடு படுக்க வைப்பது. விலங்கு வந்து சுவரின் அடியில் நகத்தைப் போட்டதும் வலை தட்டுகிறது. கொஞ்சம் பக்கத்தில் முயல்கிறது, அங்கேயும் வலை. பின்னால் நகர்ந்து வலையின் விளிம்பைத் தேட வேண்டும் என்ற யோசனை வராது. நின்றுகொண்டிருப்பதே அந்த வலையின் மேல்தான் என்பதும் அதற்குப் புரியாது. ஆழம் செய்கிற வேலையை இங்கே அகலம் செய்கிறது. முதல் கூட்டத்துக்கு இரண்டும் ஒரே பலன் தருகின்றன என்றால் எதற்கு ஒன்றரை டன் மண்ணைப் புரட்ட வேண்டும்?

வலை எவ்வளவு வேண்டும் என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே சொன்ன கூண்டுக்குப் புதைக்க 6 சதுர மீட்டர். விரிக்க அதே 6, அதோடு நான்கு மூலைகளையும் நிரப்ப ஒன்றரை சதுர மீட்டர், சுவரில் ஏற்றிக் கட்டும் ஓரடி தனி. கடப்பாரைக்கு வேலையே இல்லை.

விரிப்பதில் குறை இல்லாமல் இல்லை. வெளி விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் கால் தடுக்கும், புல் வெட்டுகிற கருவியில் மாட்டும். கம்பியை யூ மாதிரி வளைத்து அரை மீட்டருக்கு ஒன்றாக அடித்து இறக்கிவிட்டு, மேலே இரண்டு விரற்கடை மண்ணோ ஜல்லியோ போட்டால் சில வாரங்களில் புல் வேர் பிடித்து வலையைத் தரையோடு தைத்துவிடும். மூலைகளில் வலையை வெட்டி இடைவெளி விடாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்ட வேண்டும். இந்த முறை தோற்கிற இடம் பெரும்பாலும் மூலைதான்.

புதைக்கும் வலைக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. ஈர மண்ணும் கோழி எச்சமும் சேர்ந்து துத்தநாகப் பூச்சைத் தின்றுவிட்டால், வலை இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், மண்ணுக்குள் துருத்தூள்தான் இருக்கும். விரித்த வலையை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிடலாம்.

என் ஓட்டு விரிப்பதற்கே. ஒரே விலக்கு, கூண்டுக்கு வெளியே இரண்டடி இடமே இல்லாதவர்கள். மதில் ஓரத்திலோ நடைபாதை ஓரத்திலோ கூண்டு வைத்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் புதைக்கலாம்.

எந்த வலை?

அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழி வலை, பெயருக்கு ஏற்ப, கோழியை உள்ளே வைத்திருக்கத்தான். நாய் பல்லால் இழுத்தால் கிழியும். மண்ணில் போட்டால் முறுக்கிய இடங்களில் துரு முதலில் பிடிக்கும். தரை வேலைக்கு வெல்டு மெஷ் எனப்படும் பற்றவைத்த வலைதான். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பது பலருக்குக் குழப்பம். 19 கேஜ் சுமார் ஒரு மி.மீ. கனம், 16 கேஜ் 1.6 மி.மீ. நாய்த் தொல்லை இருந்தால் இரண்டாவது. எலியும் கீரியும் கவலை என்றால் கண் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. சுண்டெலியும் வரக்கூடாது என்றால் கால் அங்குலம். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசிய வலை, முன்பே பூசிய கம்பியைப் பற்றவைத்த வலையைவிட மண்ணில் நெடுநாள் தாங்கும், ஏனென்றால் பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்துப் பூச்சு போய்விடுகிறது.

எலி என்றால் அடியை மூட வேண்டும்

சுற்றி என்ன போட்டாலும் வெளியே நான்கடி தள்ளித் தொடங்குகிற எலி வளை கூண்டுக்குள் முளைத்துவிடலாம். இங்கே இரண்டே வழிதான்: அடி முழுவதும் வலை, அல்லது சிமென்ட் தளம்.

கூண்டு எவ்வளவு பெரிது என்பது இங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடும். மூன்றுக்கு இரண்டு மீட்டர் கூண்டுக்கு அடியில் போட 6 சதுர மீட்டர் வலை போதும், சுற்றிலும் புதைப்பதற்கு ஆன அதே அளவு. இரண்டு கூட்டத்தையும் ஒரே வலை தடுக்கிறது என்றால் சின்னக் கூண்டுக்கு இதைவிட லாபம் இல்லை. ஆனால் 10 மீட்டருக்கு 6 மீட்டர் உலவும் இடம் என்றால் அடிக்கு 60 சதுர மீட்டர் வேண்டும். சுற்றி விரிக்க மூலைகளோடு சேர்த்து 21-க்குள் முடிந்துவிடும்.

அடியில் போட்ட வலையின் பகை கோழியேதான். கிளறிக் கிளறி மண்ணைத் தள்ளி வலையை வெளியே கொண்டுவந்துவிடும். வெறும் வலையின் மேல் கீறினால் நகமும் பாதமும் புண்ணாகும், அந்தப் புண்ணில் சீழ் வைத்துக் கட்டி வந்தால் ஆற்றுவது பெரும்பாடு. ஆகவே வலைக்கு மேல் அரையடி மண்ணாவது இருக்க வேண்டும், குறைந்தால் அவ்வப்போது போட வேண்டும். அந்த மண்ணை மண்வெட்டியால் வெட்டி அள்ளவும் முடியாது, வலையில் மாட்டும்.

சிமென்ட் தளத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 10 செ.மீ. கனத்தில் போட்டால் எதுவும் துளைத்து வராது, கழுவலாம், கிருமிநாசினி தெளிக்கலாம். அதே சின்னக் கூண்டுக்கு அரை கன மீட்டருக்கு மேல் காங்கிரீட், கிட்டத்தட்ட ஒன்றரை டன். புதைக்கும் வழியில் தோண்டிய எடையை இங்கே கலந்து கொட்டுகிறோம். சாய்வு இல்லாமல் போட்டால் தண்ணீர் தேங்கும். கோழிக்குக் கால் உறுத்தாமல் இருக்க உமியோ மரத்தூளோ தடிமனாகப் பரப்ப வேண்டும். மண்குளியலுக்குத் தனியே ஒரு தொட்டி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிற்பாடு கூண்டை நகர்த்த வேண்டும் என்று தோன்றினால் தளம் அங்கேயேதான் கிடக்கும். ஆகவே இரவில் அடைகிற கூட்டுக்குச் சிமென்ட் சரி, பகலில் மேய்கிற இடத்துக்கு வீண்.

கூண்டைச் சுற்றிப் பலகைக் கல் பரப்புவதையும் சிலர் சொல்வார்கள். நாய்க்கு எதிராக நன்றாகவே வேலை செய்யும், பார்வைக்கும் அழகு. எலிக்கு அது கூரை போட்ட வீடு.

தூக்கி வைத்த கூண்டும் மின்வேலியும்

கால் வைத்துத் தூக்கிய கூண்டில் தோண்டும் பேச்சே இல்லை. ஆனால் எத்தனை உயரம் என்பது முக்கியம். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி இருந்தால் அடியில் வெளிச்சம் படும், நாமும் குனிந்து பார்க்கலாம். வெறும் அரையடி தூக்கி வைத்தால் எல்லாவற்றையும்விட மோசம். அந்த இருட்டுச் சந்தில்தான் எலி குடும்பம் நடத்தும். கால்களில் வழவழப்பான தகடு சுற்றினால் ஏறுபவையும் குறையும். இதில் கோழி மண்ணைத் தொடாது. இரவுக்கு மட்டும் என்றால் குறையில்லை.

மின்வேலி தோண்டுவதற்கு முன்பே விலங்கைத் திருப்பி அனுப்புகிறது. கூண்டுக்கு வெளியே முக்கால் அடி தள்ளி, தரையிலிருந்து அரை முதல் முக்கால் அடி உயரத்தில் ஒரு கம்பி. மோப்பம் பிடித்து வரும் நாயும் நரியும் ஈர மூக்கால் தொடும், ஒரு முறை பட்டால் அந்தப் பக்கம் வர யோசிக்கும். வேலிக்கென்றே விற்கும், நொடிக்கு ஒரு துடிப்பாக மின்சாரம் விடும் கருவி மட்டும்தான் இதற்கு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது ஆளைக் கொல்லும் வேலை. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. இதன் பலவீனம், தினமும் கவனிக்க வேண்டும் என்பது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். மண் காய்ந்து கிடந்தால் அதிர்ச்சி குறையும். பேட்டரி தீர்ந்த இரவில் அது வெறும் கம்பி. எலிக்கு இது பொருட்டே இல்லை. வேறு ஒரு தடுப்பு ஏற்கெனவே இருந்து, தெருநாய் கூட்டமாக வருகிற இடமென்றால் கூடுதலாகப் போடலாம்.

மிளகாய்த்தூள், அந்துருண்டை, மினுக்கும் விளக்கு போன்றவற்றை ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. சில நாள் விலங்கு தயங்கும், பிறகு பழகிவிடும். எலிக்கு விஷம் வைப்பதும் வேண்டாம். செத்த எலியைக் கோழியே கொத்தித் தின்னும், ஆந்தையும் பூனையும் தின்னும்.

நான் கட்டினால்

ஒரே முறையை எல்லா இடத்துக்கும் போட மாட்டேன். தோண்டுபவற்றில் முக்கால்வாசி இருட்டில் வருபவை, அப்போது கோழி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆகவே இரவு அடையும் சின்னக் கூட்டுக்கு அடி முழுவதும் அரை அங்குல வலை, அல்லது இரண்டடி உயரக் கால்கள். பகலில் உலவும் பெரிய இடத்துக்குச் சுற்றிலும் இரண்டடி விரித்த வலை. இரண்டுக்கும் இடையே உள்ள சின்னக் கதவை அந்தி சாய்ந்ததும் மூட வேண்டும். மூட மறந்தால் மேலே சொன்ன எந்த வலையும் முழுதாகக் காப்பாற்றாது.

ஏற்கெனவே கூண்டு கட்டி முடித்தவர்களுக்கு இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஆள் நுழையும் கதவின் அடியைப் பாருங்கள். நான்கு பக்கமும் வலை விரித்தவர்கள்கூடக் கதவு திறக்க வேண்டுமே என்று அந்த மூன்றடியை மட்டும் விட்டிருப்பார்கள். நம் கால் பட்டுப் பட்டு மண் அங்கே தேய்ந்து, கதவுக்குக் கீழே உள்ளங்கை நுழையும் சந்து விழுந்திருக்கும். வலையை அந்த இடத்திலும் விரித்து, மேலே ஒரு பலகைக் கல்லைப் பதித்து, கதவு அதை உரசிக்கொண்டு திறக்கும்படி வையுங்கள்.