‘தடுப்பூசி போட்ட நாட்டுக்கோழி’ என்று வீடு தேடி வருபவர்களை நம்பாதீர்கள்: பெங்களூரில் எனக்கு நடந்தது

பெங்களூரில் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் நாலைந்து கோழி வளர்க்கிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் இரண்டு வாரத்துக்குள் என் வீட்டில் 9 கோழிகள் செத்துப்போயின. 6,550 ரூபாய் போனது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அதில் ஒரு கோழி என் மடியில், நான் மருந்து கொடுத்த விதத்தாலேயே செத்தது. அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ராமமூர்த்தி நகர் பக்கம் வாடகை வீடு. பின்னால் ஒரு ஆட்டோ நிறுத்துகிற அளவுக்கு மண் தரை, ஒரு முருங்கை மரம். அம்மா காவேரிப்பட்டணத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த 5 பெட்டைகள் அங்கே ஒரு வருஷமாக நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு முட்டை போதவில்லை, இன்னும் சில கோழிகள் வாங்கலாம் என்று இருந்தபோதுதான் அந்த ஆள் வந்தார். டிவிஎஸ் எக்ஸெல் வண்டி, இரண்டு பக்கமும் கம்பிக் கூடை. தமிழ்தான் பேசினார். “நமக்கு திருவண்ணாமலை பக்கம் தங்கச்சி, எல்லாம் தோட்டத்துல மேஞ்ச நாட்டுக்கோழி, ரெண்டு தடவை தடுப்பூசி போட்டாச்சு” என்றார். வெளியூரில் இருக்கும்போது ஒருவர் நம் பேச்சில் பேசினாலே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது. எந்த வாரம் எந்த ஊசி போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்று 550 ரூபாய் வீதம் 8 விடைக்கோழிகள், 4,400 ரூபாய். தனியாக அடைத்து வைக்கவா என்று நானே கேட்டேன். “ஒண்ணா விட்டாதான் பழகும்” என்றார். விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஒரு கருப்பு விடை இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. தீனிக்கு எழுந்து வரவில்லை. பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் மாதிரி கழிந்தது. மூச்சு விடும்போது அலகைத் திறந்து திறந்து மூடியது. போன் செய்தேன். “சளிதான் தங்கச்சி, மழைக்காலம் இல்லையா” என்று சொல்லி, மறுநாள் ஒரு பையனிடம் மஞ்சள் நிறப் பொடி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். 350 ரூபாய். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. தண்ணீரில் கரைத்து வாயைத் திறந்து 5 மில்லி ஊற்றச் சொன்னார்.

அப்படியே செய்தேன். என் கணவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, நான் அலகைப் பிரித்து சிரிஞ்சால் ஊற்றினேன். ஒரு தடவை தலையை உதறியது. தொண்டையில் ‘களக்’ என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபடியே கழுத்து என் முழங்கை மேல் சாய்ந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்கு நேர் பின்னால் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும். மூச்சுக்குழாயின் வாய் அதுதான். நமக்கு இருப்பதுபோல் அதற்கு மேல்மூடி கிடையாது. தலையை மேலே தூக்கி மொத்தமாக ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டால் அதுவே நக்கி விழுங்கும், இல்லாவிட்டால் அலகு நுனியைத் தண்ணீரில் நனைத்துக் காட்டலாம். எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும் கோழிக்கு நீங்களாக எதையும் ஊற்றவே வேண்டாம்.

மறுநாள் விற்றவரே வந்தார், கூட ‘டாக்டர்’ என்று ஒருவர். கூண்டுக்கு அடியில் இருந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி, “பாருங்க, எல்லாத்துலயும் வெள்ளை இருக்கு. அத்தனைக்கும் வெள்ளைக்கழிச்சல் வந்துடுச்சு, உடனே ஊசி போடணும்” என்றார். பயந்துவிட்டேன். இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான கோழியின் எச்சத்திலும் மேலே வெள்ளை இருக்கும். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை, சிறுநீரகத்திலிருந்து வருகிற யூரிக் அமிலம்தான் சுண்ணாம்பு மாதிரி எச்சத்தோடு சேர்ந்து விழுகிறது. இடையிடையே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று, நாற்றத்தோடு ஒன்று போடும், அதுவும் இயல்புதான். இதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள். தண்ணீராகக் கழிவது, அதில் பச்சை நிறம், ஆசனவாயைச் சுற்றி இறகு ஒட்டிக் கிடப்பது, ரத்தம், இவைதான் பயப்பட வேண்டிய அடையாளங்கள்.

12 கோழிக்கும் ஒரே சிரிஞ்ச், ஒரே ஊசி. சட்டைப் பையிலிருந்து எடுத்த சின்ன பாட்டிலில் லேபிள் சுரண்டியிருந்தது. ஐஸ் இல்லை, டப்பா இல்லை. அதற்குள் இரண்டாவதாக ஒன்று சோர்ந்து போயிருந்தது. முதல் ஊசி அதற்குத்தான் போட்டார். ஊசி முனையைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அடுத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோழியைப் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழிக்கு 150 ரூபாய், 1,800.

திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் 8 போய்விட்டன. கடைசி இரண்டுக்கும் கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை முதுகுப் பக்கம் திரும்பி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி விழுந்தன. பக்கத்து வீட்டு அஜ்ஜி மதில் மேலிருந்து பார்த்தவுடனே “கொக்கரே ரோகா” என்றார், கோழிக்கழிச்சலைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவர்தான் செத்த கோழியைத் தூக்கிப் போடாமல் ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். விற்றவருக்குப் போன் செய்தால், “உங்க வீட்டுத் தண்ணி சரியில்லை” என்றார். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை.

கையில் பில் இல்லை. யூபிஐ ரசீதில் வேறு யாரோ ஒருவர் பெயர். அதை வைத்துக்கொண்டு எங்கே போய்ச் சொல்வது?

ஹெப்பாலில் கோழியை அறுத்துப் பார்த்தார்கள். இரைப்பைக்கு முன்னால் இருக்கிற சுரப்பு இரைப்பையின் உள்பக்கம் முழுக்க ஊசி குத்தின மாதிரி ரத்தப் புள்ளிகள். ராணிக்கெட் என்றார் அந்த மருத்துவர். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல் என்று சொல்கிறோமே, அதேதான். வைரஸ் நோய். வந்தபின் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது, ஆன்டிபயாடிக் எதுவும் அந்த வைரஸைத் தொடாது. உடம்பில் நுழைந்து நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் 5, 6 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். வாங்கிய ஐந்தாம் நாள் தெரிந்தது என்றால், வீட்டுக்கு வரும்போதே நோயோடு வந்திருக்க வேண்டும் என்றார். பிழைத்த 4 கோழிகளும் அம்மா கொடுத்தவை என்று சொன்னேன். தமிழ்நாட்டில் வருஷா வருஷம் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவச கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள், அதில் அம்மா ஊசி போட்டிருந்தார். ‘இரண்டு தடவை போட்டது’ என்று விற்ற எட்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மருத்துவர் வேறு எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கொண்டுபோன கோழி சுத்த நாட்டுக்கோழியே இல்லை, கிரிராஜா கலப்பு என்பதையும் அவர்தான் சொன்னார். கிரிராஜா அதே ஹெப்பால் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய இனம், நல்ல கோழிதான். ஆனால் நாட்டுக்கோழி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இப்படிக் கொத்தாகச் சாகும்போது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், உடனே அரசு கால்நடை மருத்துவமனையில் சொல்லுங்கள். ‘பஷு ஆஸ்பத்ரே’ என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். பரிசோதனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு பாலிதீன் பையில் கட்டி, சுற்றி ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் உள்ளே பார்ப்பது கெட்டுப்போகும். மற்றவற்றை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

தடுப்பூசியில் ஏன் இவ்வளவு ஏமாற்று நடக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. ராணிக்கெட் மருந்து சின்ன பாட்டிலில் உறைய வைத்து உலர்த்திய கட்டியாக வரும். ஒரு பாட்டில் பெரும்பாலும் 100 டோஸ் அல்லது அதற்கு மேல். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஐஸ் வைத்துத்தான் எடுத்து வர வேண்டும், கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எட்டுக் கோழிக்காக யார் ஒரு பாட்டிலை உடைப்பார்கள்? உடைக்காமலே ‘போட்டாச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள். குஞ்சு பிறந்த 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் லசோட்டா என்கிற சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. இதுதான் வழக்கமான முறை. விற்பவரிடம் இந்த மூன்றையும் தேதியோடு கேளுங்கள். உண்மையாகப் போட்டவர் யோசிக்காமல் சொல்வார். எப்படிச் சொன்னாலும் புதுக் கோழியைக் குறைந்தது மூன்று வாரம் வேறு இடத்தில், வேறு தண்ணீர்ப் பாத்திரத்தோடு வைத்திருங்கள், பழைய கோழிகளைக் கவனித்த பிறகு அங்கே போங்கள். நான் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே போதும்.

பெயரில்லாத பொடி எதையும் வாங்காதீர்கள். லேபிளில் கொலிஸ்டின் (அது ஒரு ஆன்டிபயாடிக்) என்று இருந்தால் கண்டிப்பாக வேண்டாம், உணவுக்காக வளர்க்கிற கோழிகளுக்கு அதை விற்க மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டுவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்காகவே இருந்தாலும், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சாப்பிடுகிற முட்டை.

இதோடு முடியவில்லை. பிழைத்த நாலில் செவலையை ஒரு ராத்திரி பூனை பிடித்துவிட்டது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து தொங்கியது. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்குக்கு ஓடினேன். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, இறகைக்கூட விலக்காமல் மேலே நீல நிற ஸ்பிரே அடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் நாற்றம் வந்தது. இறகைத் தூக்கினால் அடியில் அரிசி அரிசியாகப் புழு நெளிகிறது. ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் பொரித்துவிடும், அதுவும் நம் வீட்டுக் கொல்லையில்.

ஹெப்பாலில் கேட்டு வந்தபடி நானே செய்தேன். காயத்தைச் சுற்றி இறகைக் கத்தரித்தேன், பிடுங்கக் கூடாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஒன்றரை டீஸ்பூன், அதை சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினேன். புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. செவலை துண்டுக்குள் சுற்றியபடி அசையாமல் இருந்தது, கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்தது. கடைசியில் பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் பால் விடாத டீ நிறத்துக்குக் கரைத்து ஊற்றினேன். தினம் இரண்டு வேளை இதேதான். வீட்டுக்குள் அட்டைப் பெட்டியில், மேலே கொசுவலை போட்டுத் தனியாக வைத்தேன். சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்த கோழியே கொத்திக் கொத்திக் கொன்றுவிடும். பத்தாம் நாள் புதுத் தோல் படர ஆரம்பித்தது.

காலையில் முதல் வேலையாக இப்போது நாலு கோழிக்கும் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கிறேன். ராத்திரி நிரம்பி, காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரியோ தண்ணீர்ப் பை மாதிரியோ இருந்தால் ஏதோ கோளாறு.

எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலுமாகக் கோழி வளர்க்கிற 6 வீடுகள் சேர்ந்திருக்கிறோம். எல்லோரும் ஒரே வாரத்தில் குஞ்சு பொரிக்கிற மாதிரி அடை வைத்திருக்கிறோம், ஏழாம் நாள் முதல் சொட்டுக்கு ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொள்ள. பஷு ஆஸ்பத்ரேயில் பேசியாயிற்று. 100 சொட்டு இருக்கிறது, எங்களிடம் 40 குஞ்சுகூடத் தேறாது. ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, கே.ஆர்.புரம் பக்கம் யாரிடமாவது அந்த வயதுக் குஞ்சு இருந்தால் சொல்லுங்கள், ஐஸ் டப்பா என்னிடம் இருக்கிறது.