பாமாவின் ‘சங்கதி’: வாய்விட்டுப் படிக்க வேண்டிய புத்தகம்

‘சங்கதி’யை முதல் தடவை வாங்கியபோது முப்பது பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. பாமா தன் வாழ்க்கையையே எழுதிய ‘கருக்கு’ படித்த சூட்டில் வாங்கியது, அதே மாதிரி ஒருத்தியின் கதையாக இருக்கும் என்று திறந்தால் யார் யாரோ வருகிறார்கள் போகிறார்கள், பாட்டி பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறாள், எல்லாம் பேச்சு வழக்கு வேறு. மூடி வைத்துவிட்டேன். போன மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பொழுது போகட்டும் என்று இதை எடுத்து வாய்விட்டுப் படித்தேன், அப்போதுதான் புத்தகம் பிடிபட்டது. திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தி சொல்ல இன்னொருத்தி கேட்கிற நடை இது.

1994இல் வந்த புத்தகம், பன்னிரண்டு அத்தியாயங்கள். கதாநாயகி என்று யாரும் கிடையாது. ஒரு தலித் தெரு, அதில் காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பெண்கள், அவ்வளவுதான். ஒரே காட்டில் ஒரே வேலை பார்த்தாலும் ஆணுக்குக் கூலி அதிகம், அவன் அதைத் தன் செலவுக்கு வைத்துக்கொள்வான், வீட்டில் உலை கொதிப்பது இவள் கூலியில்.

மாரியம்மாவின் பஞ்சாயத்துதான் என்னை ரொம்ப நேரம் உலுக்கியது. விறகு பொறுக்கிவிட்டு வருகிற வழியில் தண்ணீர் குடிக்க பம்பு செட்டுப் பக்கம் போகிறாள், தோட்டத்துச் சொந்தக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார், திமிறிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறாள். எங்கே விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று அவர் முந்திக்கொண்டு, அவளும் மாணிக்கம் என்கிற பையனும் தப்பாக நடந்ததாக நாட்டாமையிடம் சொல்லிவிடுகிறார். ஊர் கூடுகிறது, பெண்கள் வாய் திறந்தால் அதட்டி அடக்குகிறார்கள், சொந்த அப்பனே அவளை அடிக்கிறான். கடைசியில் மாணிக்கத்துக்கு 100 ரூபாய் தண்டம், மாரியம்மாவுக்கு 200. இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டு, “அந்தத் தோட்டக்காரனுக்கு எவ்வளவு போட்டாங்க?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மறுபடி அந்த இடத்தைப் படி என்றாள்.

பெண்கள் படும் பாட்டைச் சொல்கிற புத்தகங்களில் பாதிக்குமேல் படித்து முடித்ததும் நெஞ்சில் கல்லை வைத்தது மாதிரி இருக்கும். இதிலும் அழுகை உண்டு, ஆனால் அதே அளவு சிரிப்பும் உண்டு, வாயும் உண்டு. ராக்கம்மா என்று ஒருத்தி, புருஷன் உதைக்க வரும்போது தெருவே கூடி நிற்க வாயில் வந்ததையெல்லாம் கொட்டி அவனை வாயடைத்துப் போக வைக்கிறாள். அதைச் சத்தமாகப் படிக்க முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வசவுகளை நாசூக்காக மாற்றி எழுதியிருந்தால் ராக்கம்மாவின் கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் பிடுங்கினது மாதிரி ஆகியிருக்கும். பாமா பிடுங்கவில்லை, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குறையும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பாட்டி பேசும்போது இருக்கிற உயிர், கதை சொல்கிற பெண் நடுவில் நுழைந்து பெண்கள் இப்படி இருக்க வேண்டும், அப்படி மாற வேண்டும் என்று விளக்கும்போது குறைகிறது. பின்பாதியில் இது கூடுதல். மாரியம்மாவின் 200 ரூபாயைப் படித்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? பேர்களும் நிறைய, இரண்டு நாள் விட்டுப் படித்தால் யார் யாருக்கு மகள் என்று குழம்பும். வட்டார வழக்கு பழக்கமில்லாதவர்களுக்கு முதல் இரண்டு அத்தியாயம் சிரமமாக இருக்கும், எனக்கே பல சொற்களுக்கு அம்மாதான் அர்த்தம் சொன்னாள். தமிழ் படிக்கத் தெரியாத தோழிகளுக்கு லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

வாங்கினால் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள், வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். அம்மாவுக்குக் கண் சரியாகிவிட்டது, இருந்தாலும் அடுத்து பாமாவின் ‘கிசும்புக்காரன்’ கதைகளையும் நான்தான் படித்துக் காட்ட வேண்டுமாம்.