100 காடி என்கோடர் வட்டு: லேத் ஸ்பிண்டிலில் நெடுநாள் ஓடும்போது தெரிபவை

என்கோடர் வட்டு என்பது விளிம்பில் காடிகள் வெட்டிய தகடு; லேத் ஸ்பிண்டிலோடு (சுழலும் தண்டோடு) அது சுற்றும்போது காடிகள் வழியே வரும் ஒளியைச் சென்சார் எண்ணிச் சுழற்சியைச் சொல்லும். வீட்டுப் பட்டறையில் இதை வெட்டுகிறவர்கள் காடிகளின் கோணத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். சுமாரான டிவைடிங் ஹெட் (வட்டைச் சமபங்குகளாகத் திருப்பும் கருவி) கூட அந்த வேலையைச் சில கோண நிமிடப் பிழைக்குள் முடித்துவிடும் (கோண நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒன்று). ஆனால் வட்டு 0.05 மி.மீ. மையம் தப்பி உட்கார்ந்தால், 64 மி.மீ. விட்டத்தில் அதுவே 5 கோண நிமிடத்துக்கு மேல் பிழை. ஒரு சுற்றுக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் பிழை என்பதால் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் காடிகள் எல்லாம் அழகாகவே தெரியும்.

கணக்கைக் கட்டரிலிருந்து தொடங்குங்கள், வட்டிலிருந்து அல்ல. 1 மி.மீ. ஸ்லிட்டிங் கட்டரும் (மெல்லிய வட்ட வெட்டி) 100 காடியும் என்றால் காடி 1, பல் 1, இரண்டும் சேர்ந்த பிட்ச் 2 மி.மீ.; சுற்றளவு 200, விட்டம் 63.66. சென்சாரின் ஒளி விழவேண்டியது இந்த வட்டத்தில்தான். வெளிவிட்டம் 68, ஆழம் 4 மி.மீ. வைத்தால் கற்றைக்கு இரு பக்கமும் இடம் கிடைக்கும். காடியின் சுவர்கள் இணையானவை என்பதால் வெளிவிளிம்பில் காடியின் பங்கு 47 சதவீதம், அடியில் 53. ஆர்பர் (கட்டரைத் தாங்கும் தண்டு) வாஷருக்குள் ஒரு தூள் சிக்கினாலே கட்டர் ஆடிக் காடியை அகட்டிவிடும். வேறொரு துண்டில் ஒரு காடி வெட்டி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 1.05 வந்தால் கட்டரோடு சண்டை வேண்டாம், ஒளி விழும் விட்டத்தை 66.8 ஆக்கி, வெளிவிட்டத்தையும் அதற்கேற்ப 71 ஆக்கினால் போதும்.

தகட்டுக்கு 0.8 மி.மீ. அரைக்கடினப் பித்தளை நல்லது. செம்பு பிசிறு தள்ளும். ஸ்டெயின்லெஸ் கட்டரைத் தின்னும். கறுப்பு அக்ரிலிக் பக்கம் போகாதீர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற பல பிளாஸ்டிக்குகள் அகச்சிவப்பு ஒளியைத் தாராளமாக உள்ளே விடும். சென்சாருக்கு அங்கே வட்டே இல்லாத மாதிரி.

மூன்று நான்கு தகடுகளை 5 மி.மீ. அலுமினியத் தட்டுகள் இரண்டின் நடுவே அடுக்கி, நடுத்துளையைக் கடைந்து அளவாக்கி, மேண்ட்ரலில் (துளைக்குள் பொருந்தித் தாங்கும் தண்டு) ஏற்றி வெளிவிட்டத்தைக் கடையுங்கள். மேண்ட்ரலிலிருந்து கழற்றாமலே டிவைடிங் ஹெட்டுக்கு மாற்றி, வெளிவிளிம்பில் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை 0.02 மி.மீ.-க்குள் கொண்டுவரவேண்டும். 63 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) கட்டருக்கு நிமிடத்துக்கு 200 சுற்று போதும்.

40:1 ஹெட்டில் (கைப்பிடி 40 சுற்றினால் வட்டு ஒரு சுற்று) 100 காடிக்கு, 20 துளை வட்டத்தில் 8 துளை நகர்த்தவேண்டும். ஐந்து நகர்வு சரியாக இரண்டு முழுச்சுற்று. ஆகவே ஐந்தாவது நகர்வில் கைப்பிடியின் பின் (துளையில் விழும் ஊசி) தொடங்கிய துளைக்கே திரும்பவேண்டும். அந்தத் துளையில் ஒரு சொட்டு பெயிண்ட் வைத்துவிடுங்கள். பின் வேறு துளையில் விழுந்தால் தவறு கடைசி ஐந்துக்குள்தான். பெயிண்ட் வைக்காவிட்டால் நூறாவது காடிக்கும் முதல் காடிக்கும் நடுவே ஒல்லிப் பல் ஒன்று நின்று அதைச் சொல்லும், அதற்குள் அடுக்கு முழுக்க வீண். கைப்பிடி துளையைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுக்கக்கூடாது. அரைச்சுற்று பின்னே போய், பழைய திசையிலேயே வந்து நிறுத்தவேண்டும். வெட்டும்போது ஸ்பிண்டில் லாக் கட்டாயம்.

பிசிறை அரம் வைத்து எடுத்தால் காடியின் ஓரம் உருளும். கண்ணாடிமேல் 600 எமரித் தாளை விரித்து வட்டைத் தட்டையாகத் தேய்ப்பது மேல். பிறகு இரு முகத்துக்கும் மெல்லிய மேட் கறுப்பு பெயிண்ட்.

சென்சாருக்கு டிசிஎஸ்டி2202 (ஒருபக்கம் எல்.இ.டி.யும் எதிரே ஒளியுணரியும் கொண்டது) பொருந்தும்: இடைவெளி 3.1 மி.மீ., ஒளித்துளை 0.5 மி.மீ. 1 மி.மீ. துளையுள்ள டிசிஎஸ்டி2103-ஐ 1 மி.மீ. காடிக்குப் போட்டால் சிக்னல் முழுதாக ஏறவும் இறங்கவும் இடமிருக்காது. சுழலும் திசையை அறிய இரண்டாம் சென்சாரை நாலேகால் பிட்ச் தள்ளி, அதாவது 15.3 டிகிரியில் வையுங்கள். வசதி என்று எதிர்ப்பக்கத்தில் வைத்தால், 0.2 மி.மீ. மையவிலகலே இரு சென்சார் சிக்னலுக்கு நடுவே இருக்கவேண்டிய 90 டிகிரியை (ஒரு பிட்ச் 360 என்று கொண்டால் கால் பிட்ச்) இருபுறமும் 72 டிகிரி வரை அலைக்கும், திசை தப்பக்கூடும். 15.3-இல் அந்த அலைவு 10 டிகிரிக்குள் அடங்கிவிடும். எல்.இ.டி.க்கு 5 வோல்ட்டில் 220 ஓம். வெளியீட்டில் 10 கிலோஓம் போட்டால் சிக்னலின் ஏற்ற இறக்கம் சோம்பும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஒரு காடிக்கு 400 மைக்ரோசெகண்ட்தான் கிடைக்கிறது, எனவே 2.2 கிலோஓமும் 74எச்சி14-உம் (சிக்னலைக் கூர்மையாக்கும் சிப்). இரு சிக்னலின் ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் எண்ணும் நான்மடங்கு எண்ணிக்கையில் சுற்றுக்கு 400.

ஓடத் தொடங்கிய பின் வரும் கோளாறுகள் வேறு ரகம். ஒற்றை செட் ஸ்க்ரூ (பக்கவாட்டில் இறுக்கும் திருகு) போட்ட ஹப் (வட்டைத் தண்டில் பிடிக்கும் நடுத்துண்டு) வட்டை ஒரு பக்கம் தள்ளி, சேர்த்துவைத்த மையத்தைக் கெடுக்கும். அதிர்வில் தளரவும் செய்யும். பிளந்து இறுக்கும் கிளாம்ப் ஹப்தான் நிலைக்கிறது. கியர் பக்கமிருந்து தெறிக்கும் எண்ணெய் 1 மி.மீ. காடியில் படலமாக நின்று ஒளியைச் சிதறடிக்கும். அப்போது தவறும் எண்ணிக்கை ஸ்பிண்டில் வேகமெடுத்துப் படலம் வெளியே சுண்டியதும் தானாகச் சரியாகும். ஆள் வயரிங்கைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார். மூடி இல்லாவிட்டால் ஜன்னல் வெயிலும் இதே வேலையைக் காட்டும். 2 மி.மீ. அலுமினிய மூடி, கீழே எண்ணெய் வடிய ஒரு துளை, சுத்தம் செய்ய ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மென்தூரிகையும். தின்னர் படக்கூடாது, கறுப்பு பெயிண்ட் உரிந்து பித்தளை பளபளக்க ஆரம்பித்துவிடும்.