எந்தச் சோதனை? ஒன்பது வருடமாகச் சுவரில் இருக்கும் ஒரு தாள்

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தத் தரவுக்கு எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்று வழிகாட்டும் வரைபடம் அது. மேலே ஒரு கட்டம், அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து, அடியில் டி-டெஸ்ட், அனோவா, கை-ஸ்கொயர், மான்-விட்னி என்ற சோதனைப் பெயர்களில் போய் முடியும். ஆய்வில் இருக்கிற எல்லோரும் இந்த வரைபடத்தை ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பீர்கள். ஒன்பது வருடமாக என் தரவுக்கும், என்னிடம் வருகிற மாணவர்களின் தரவுக்கும் இதைத்தான் வைத்துப் பார்க்கிறேன். இப்போது அதில் அச்சில் இருப்பதைவிட நான் பேனாவால் எழுதியது அதிகம். எது உதவியது, எதை அடித்தேன், ஏன் அடித்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் நல்லது. இந்தத் தாள் கேட்கிற கேள்விகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது, ‘இரண்டு அளவீடும் ஒரே ஆட்களிடம் எடுத்ததா, வேறு வேறு ஆட்களிடமா?’ என்பது. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற கேள்வி இது. ஒரு மாணவி பயிற்சிக்கு முன்னும் பின்னும் 100 பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார். முன்பு 40 பேர் சரியாகச் சொன்னார்கள், பின்பு 50 பேர். அவர் இதை இரண்டு தனிக் குழுக்கள்போல வைத்து, எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-ஸ்கொயர் போட்டார். 2.02 வந்தது, பி-மதிப்பு 0.16 பக்கம். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசமாவது வருவதற்கான வாய்ப்புதான் பி-மதிப்பு; 0.05-க்குக் கீழே வந்தால்தான் கணக்கில் எடுப்பது வழக்கம். “பயிற்சியால் பலன் இல்லைன்னு எழுதிடவா மேடம்?” என்று கேட்டார்.

ஆட்கள் ஒரே ஆட்கள்தானே, அப்படியென்றால் யார் மாறினார்கள் என்று பார்ப்போம் என்றேன். முதலில் தவறாகச் சொல்லிப் பிறகு சரியாகச் சொன்னவர்கள் 15 பேர். சரியாகச் சொல்லிவிட்டுப் பிறகு தவறியவர்கள் 5 பேர். மீதி 80 பேர் மாறவே இல்லை. மாற்றத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. மெக்நெமர் 1947-இல் கொடுத்த சோதனை இந்த 20 பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறது: 15-இலிருந்து 5-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, 20-ஆல் வகுத்தால் 5. பி-மதிப்பு 0.025. அதே தரவு, அதே 100 பேர்தான். யாருடைய விடை யாருடையது என்ற தகவலைத் தூக்கி எறிந்ததுதான் முதல் கணக்கின் பிழை. அன்றைக்கு அந்தக் கிளையைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன், இன்றும் அழியாமல் இருக்கிறது.

இனி, இந்தத் தாள் என்னைக் கைவிட்ட இடம். ஆரம்ப வருடங்களில் நாற்றுகளில் ஓர் உரத்தைச் சோதித்தேன். ஆறு தட்டுகள், ஒவ்வொன்றிலும் 20 நாற்று. மூன்று தட்டுக்கு உரம், மூன்றுக்கு வெறும் தண்ணீர். தாளை எடுத்தேன். உயரம் எண்ணால் அளக்கிற மாறி, குழுக்கள் இரண்டு, செடிகள் வேறு வேறு. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டுக்கு நேராகக் கொண்டுபோய் விட்டது. 60-க்கு 60 என்று போட்டேன், பி-மதிப்பு மிகச் சிறியதாக வந்தது, கட்டுரையை எழுதி அனுப்பியும் விட்டேன். மதிப்பாய்வாளர் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: உரம் செடிக்குப் போட்டதா, தட்டுக்குப் போட்டதா?

தட்டுக்குத்தான். ஒரே தட்டில் வளர்ந்த 20 நாற்றுக்கும் ஒரே மண், ஒரே ஈரம், ஒரே வெளிச்சம். அவை 20 தனித்தனிச் சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சி 20 முறை பேசியதுபோல. என்னிடம் உண்மையில் இருந்தது மூன்றுக்கு மூன்று. தட்டுச் சராசரிகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தப் பிழைக்குப் போலி மறுசெயல் என்று பெயர் சொல்லலாம். சூழலியலில் ஹர்ல்பர்ட் 1984-லேயே இதை விரிவாக எழுதி எச்சரித்திருக்கிறார். என் கையிலிருந்த தாளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு பருவ உழைப்பு போனதைவிட, அந்த முடிவை நம்பி யாராவது உரம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் எனக்கு அதிக நாள் உறுத்தியது.

அதனால் தாளின் உச்சியில், முதல் கட்டத்துக்கும் மேலே, பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘சிகிச்சை எதற்குக் கொடுக்கப்பட்டது? அது எத்தனை?’ வகுப்பறைக்குப் பாடம் நடத்திவிட்டு மாணவர்களை எண்ணுவது, எலிக்கு மருந்து கொடுத்துவிட்டுச் செல்களை எண்ணுவது எல்லாம் இதே கதைதான். தட்டுச் சராசரி எடுக்கலாம், அல்லது தட்டையும் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரிக்குப் போகலாம். எப்படியானாலும் தட்டுகள் போதாது என்றால் போதாதுதான்.

சரி, மூன்றுக்கு மூன்று என்றால், மதிப்புகளுக்குப் பதில் அவற்றின் தரவரிசையை மட்டும் பார்க்கும் மான்-விட்னி போடலாமே என்று அப்போது ஒருவர் ஆலோசனை சொன்னார். சின்ன மாதிரி என்றால் உடனே அந்தப் பக்கம் போகச் சொல்வது பலருக்கும் பழக்கம். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஆறு தரவரிசையில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள்தான் உண்டு. உரத் தட்டு மூன்றும் மற்ற மூன்றையும் முழுதாக முந்தினாலும் இருபக்கச் சோதனையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பு 20-இல் 2, அதாவது 0.1. தரவு எப்படி வந்தாலும் 0.05-க்குக் கீழே இறங்கவே முடியாத சோதனை அது. ஐந்து ஜோடிகளுக்கு, ஜோடிகளுக்கான தரவரிசைச் சோதனையான வில்காக்சன் போட்டாலும் இதே நிலைமை: 32-இல் 2, 0.0625. சோதனையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மாதிரி 30-க்குக் குறைந்தால் டி-டெஸ்ட் கூடாது என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த கோசெட் 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டதே சின்ன மாதிரிகளுக்காகத்தான். அவர் காட்டிய உதாரணத்தில் இருந்தவர்கள் 10 நோயாளிகள்.

அடுத்து நான் முழுதாக அடித்த கிளை: ‘தரவு இயல்நிலைப் பரவலில் உள்ளதா? ஷபிரோ-வில்க் போட்டுப் பார்.’ தரவு நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. ஐந்து வருடம் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சின்ன மாதிரியில் கோணலான தரவைக்கூட அது கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். ஆனால் அப்போதுதான் கோணல் நம்மைப் பாதிக்கும். பெரிய மாதிரியில் எதையும் பாதிக்காத சின்ன விலகலுக்கும் கொடி காட்டும். போதாக்குறைக்கு, பலர் இரண்டு குழுக்களையும் ஒன்றாகக் கொட்டி அதன்மேல் ஷபிரோ போடுகிறார்கள். இரண்டு குழுவின் சராசரிகளும் நன்றாகத் தள்ளி இருந்தால் கலந்த வரைபடத்தில் இரண்டு மேடு வரத்தானே செய்யும்? அந்த வித்தியாசத்தைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். பார்க்க வேண்டியது ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அதன் குழுச் சராசரியைக் கழித்த பிறகு மிஞ்சுகிற எச்சங்களை. இப்போது நான் அந்த எச்சங்களின் வரைபடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் இப்போது எழுதியிருப்பது, ‘இரண்டு குழுச் சராசரி என்றால் வெல்ச்.’ வெல்ச் என்பது டி-டெஸ்டின் ஒரு வடிவம். இரண்டு குழுக்களின் சிதறல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒன்றும் சொல்லாமல் விட்டாலே வெல்ச்தான் ஓடும். மான்-விட்னியை நான் விட்டுவிடவில்லை, ஆனால் ‘இடைநிலைகளை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்புகளை) ஒப்பிடும்’ என்று தாளில் இருந்ததை அடித்தேன். ஒரு குழுவின் மதிப்பு மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் போக்கு உண்டா என்பதுதான் அதன் கேள்வி. பரவலின் வடிவம் வேறாக இருந்தால், இடைநிலை இரண்டும் சமமாக இருந்தும் அது வித்தியாசம் காட்டும்.

தாளுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. ‘மருந்துக் குழுவில் மாற்றம் புள்ளியியல்படி முக்கியமானது (0.05-க்குக் கீழே), மற்றக் குழுவில் இல்லை, ஆகவே மருந்து வேலை செய்கிறது’ என்ற வாக்கியத்தை இன்னமும் மாதம் ஒரு முறையாவது பார்க்கிறேன். ஒன்றில் 0.04, மற்றதில் 0.06 வந்தாலும் இப்படி எழுதிவிடலாம், இரண்டு மாற்றங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்போதே! இரண்டு மாற்றங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால்தான் அந்தக் கேள்விக்கு விடை. அதனால் வருகிறவர்களிடம் இப்போது தாளைக் காட்டுவதற்கு முன்பு ஒரு வெள்ளைக் காகிதம் கொடுக்கிறேன். எதை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்கிறேன். ‘தாக்கத்தை ஆராய்தல்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். யாருடைய, எந்த அளவு, எதைவிட எவ்வளவு என்று வந்தபிறகு பாதிப் பேருக்குத் தாளே தேவைப்படுவதில்லை.

போன மாதம் ஒரு மாணவர் தரவு சேகரிக்கும் முன்பே வந்தார். ஒன்பது வருடத்தில் அப்படி வந்தவர்கள் மிகக் குறைவு. அரைத் திட்ட விலக்க (தரவின் வழக்கமான சிதறல் அளவில் பாதி) வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமென்றால் தனிக் குழுக்களாகக் குழுவுக்கு 64 பேர் வேண்டும் என்று, மாதிரி அளவைக் கணக்கிடும் ஜி-பவர் மென்பொருளில் போட்டுக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. அவ்வளவு பேர் கிடைக்க மாட்டார்கள் என்றார். அதே ஆட்களை இரண்டு முறை அளக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். ஒவ்வொருவரின் இரண்டு அளவுக்கும் இடையிலான வித்தியாசத்தின் திட்ட விலக்கத்தில் பாதி அளவு மாற்றம் எதிர்பார்த்தால் 34 பேர் போதும். சிவப்பு வட்டமிட்ட கிளையை அவரே விரலால் தொட்டுக் காட்டினார்.